உளவியல் முதுகலை: யார் சொல்வதைக் கேட்பது?

அரியலூரிலோ பெரம்பலூரிலோ இளங்கலை இறுதியாண்டு படிக்கிறீர்கள். உளவியலில் எம்.எஸ்சி. சேர ஆசை. "அறுபது சதவீதத்துக்கெல்லாம் சீட் கிடைக்காதும்மா" என்கிறார் பேராசிரியர். "மார்க்கை யார் பார்க்கிறாங்க, அப்ளிகேஷனைப் போடு" என்கிறார் சீனியர் அக்கா. "வேலை பார்த்துக்கிட்டே தபால்ல படி" என்கிறார் சித்தப்பா. யாரை நம்புவது?

மூவருமே தாங்கள் கண்டதைத்தான் சொல்கிறார்கள். கண்ட இடமும் காலமும்தான் வேறு.

மதிப்பெண் விஷயத்தில் ஏன் இந்த முரண்? பேராசிரியர் மனதில் இருப்பது அரசுக் கலைக் கல்லூரி. அங்கே இளங்கலை மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை போடுகிறார்கள். அக்கா சேர்ந்தது திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் என்றால் கணக்கே வேறு. அங்கும் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் க்யூட் (மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வு) மதிப்பெண்தான் இடத்தைத் தீர்மானிக்கிறது. பட்ட மதிப்பெண் குறைந்தபட்சத் தகுதிக்கு மட்டும். 2025 தேர்வில் 75 கேள்விகள், சரியான விடைக்கு 4, தவறினால் 1 குறையும்.

எப்போது விண்ணப்பிப்பது? க்யூட் தேர்வு பெரும்பாலும் மார்ச்சில் நடக்கிறது. விண்ணப்பம் அதற்கு முன்பே முடிந்துவிடும். "ரிசல்ட் வரட்டும்" என்று மே மாதம்வரை காத்திருந்தால் ஓராண்டு போய்விடும். நம் பக்கத்துப் பிள்ளைகள் மதிப்பெண்ணால் இழப்பதைவிடத் தேதி தெரியாமல் இழப்பதே எனக்கு அதிக வருத்தம்.

"போன வருஷம் இவ்வளவு மார்க்குக்கே கிடைச்சுது" என்றால்? எந்தப் பிரிவில், எத்தனையாவது சுற்றில் என்று கேளுங்கள். மாநில ஒதுக்கீட்டில் எம்.பி.சி.க்குத் தனியாக 20 சதவீதம் உண்டு. மத்திய ஒதுக்கீட்டில் எம்.பி.சி. என்ற பிரிவே இல்லை. மத்தியப் பட்டியலில் உங்கள் சாதி இருந்தால், பி.சி., எம்.பி.சி. இருவரும் 27 சதவீத ஓ.பி.சி.க்குள் வருவார்கள். அதற்குக் கையில் இருக்கும் சாதிச் சான்றிதழ் போதாது. கிரீமிலேயரில் (வசதி காரணமாக ஒதுக்கீட்டிலிருந்து விலக்கப்பட்டோர்) வராதவர் என்று காட்டும் மத்திய ஓ.பி.சி. சான்றிதழைத் தனியாக வாங்க வேண்டும்.

தபாலில் படிக்கலாமா? சித்தப்பா சொன்னது முன்பு சரி. உளவியலைத் தொலைதூர, இணையவழிப் படிப்பாக நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2025 ஜூலை–ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து தடுத்துவிட்டது. அதற்குப் பிறகும் யாராவது இடம் வாங்கித் தருவதாகச் சொன்னால் பணம் கட்டாதீர்கள்.

முதுகலை முடித்தாலே மருத்துவ உளவியலாளர் (மனநோயை மதிப்பிட்டு உளவழிச் சிகிச்சை தருபவர்) ஆகிவிடலாமா? முடியாது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி, உளவியல் முதுகலைக்குப் பிறகு, இந்திய மறுவாழ்வு கவுன்சில் (இந்தப் பயிற்சிகளை முறைப்படுத்தும் மத்திய அமைப்பு) ஏற்ற இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். அல்லது கவுன்சில் ஏற்ற வேறு மருத்துவ உளவியல் தகுதி வேண்டும். எம்.ஃபில். படிப்பையே யு.ஜி.சி. நிறுத்திவருவதால் இந்தப் பாதை மாறிக்கொண்டிருக்கிறது. பழைய சீனியர் சொன்ன வழி உங்களுக்கு இல்லாமல் போகலாம். ஆகவே கட்டணம் கட்டும் முன், அந்தப் படிப்புக்குக் கவுன்சில் அங்கீகாரம் உண்டா என்று அதன் இணையதளத்தில் நீங்களே பாருங்கள்.

இனி யார் ஆலோசனை சொன்னாலும், எந்த ஆண்டு, எந்தக் கல்லூரி என்று மரியாதையாகக் கேட்டுவிடுங்கள். டிசம்பரில் க்யூட் அறிவிப்பைத் தேட ஆரம்பியுங்கள்; ஓ.பி.சி. சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இப்போதே மனு போடுங்கள்.