எட்டு மணி நேரம் ஓட்டினால் ஒரு பாயின்ட்

அமெரிக்காவின் டூசான் நகரிலிருந்து லாஸ் வேகாஸுக்கு ஒரு பஸ் கிளம்புகிறது. 360 மைல். மணிக்கு 45 மைலுக்கு மேல் போகாது. ஆக, எட்டு மணி நேரம். விளையாட்டுக் கணக்கில் எட்டு இல்லை, உங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தில் எட்டு. பஸ்ஸில் பயணி ஒருவர்கூட இல்லை. எதிரே ஒரு வண்டி வராது. இரண்டு பக்கமும் பாலைவனம். ஆக்ஸிலரேட்டரில் எதையாவது வைத்துவிட்டுத் தூங்கலாம் என்று பார்த்தால், வண்டி கொஞ்சம் கொஞ்சமாக வலப்பக்கம் இழுக்கும். திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தி வைக்க பட்டன் கிடையாது. ஐந்து மணி நேரம் ஓட்டிய பிறகு ஒரு பூச்சி முன்கண்ணாடியில் மோதி நசுங்கும். அதுதான் கிளைமாக்ஸ். ஊர் போய்ச் சேர்ந்தால் ஒரு பாயின்ட் விழும். அப்படியே திரும்பி ஓட்டினால் இன்னொன்று.

'டெஸர்ட் பஸ்' என்று பெயர். "சலிப்பூட்டும் கேம்ஸ் பற்றி எழுதுங்கள், இளைஞர்கள் படிப்பார்கள்" என்று பத்திரிகையில் சொல்லிவிட்டார்கள். பத்து விளையாட்டுகளைத் தேடிப் பிடித்தேன். இந்த பஸ் மற்ற ஒன்பதையும் ஓரங்கட்டிவிட்டது.

இது கிண்டலுக்காகச் செய்தது. 1993-ல் அமெரிக்க செனட் வரை போய், வீடியோ கேம்களில் ரத்தம் அதிகம், பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று விசாரணை நடந்தது. இரண்டு மேஜிக் கலைஞர்கள், "சரி, ரத்தமே இல்லாமல், நிஜ வாழ்க்கையை அப்படியே காட்டுகிற விளையாட்டு ஒன்று தருகிறோம்" என்று கிளம்பினார்கள். 1995-ல் வெளிவர வேண்டியது. வெளியிட இருந்த கம்பெனி மூடப்பட்டு, கடைக்கே வராமல் போனது. விமர்சனத்துக்கு அனுப்பியிருந்த பிரதி ஒன்று யாரிடமோ தங்கி, பத்து வருடம் கழித்து வெளியே வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. 2007-ல் கனடாவைச் சேர்ந்த ஒரு நகைச்சுவைக் குழு, குழந்தைகள் மருத்துவமனைகளுக்குப் பொம்மையும் விளையாட்டுப் பொருளும் வாங்க நன்கொடை திரட்டியது. வழி: நேரலையில் இந்த பஸ்ஸை ஓட்டுவது. முதல் மணி நேரம் ஓட்ட ஒரு டாலர். அதன்பின் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் முந்தைய விலையைவிட ஏழு சதவீதம் கூடுதல். கூட்டுவட்டி தெரிந்தவர்களுக்கு இது எங்கே போய் முடியும் என்று சொல்ல வேண்டியதில்லை. நூறாவது மணி நேரத்தின் விலை எண்ணூறு டாலரைத் தாண்டிவிடும். பல நாள், இரவு பகலாக, ஆள் மாற்றி ஆள் ஓட்டுகிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் பாடுகிறார்கள், உளறுகிறார்கள். வருடா வருடம் நவம்பரில் நடக்கிறது. ஒன்றுமே நடக்காத ஒரு திரையைச் சுற்றி இவ்வளவு பேர் கூடுகிறார்கள் என்றால், அந்த மந்தத்தில் ஏதோ இருக்கத்தான் செய்கிறது.

நம் ஊர்ப் பையன்களுக்கும் அந்த மந்தத்தின் ருசி தெரியும். 'பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா'வை மொபைலில் இறக்கி, அதன் மேல் நம்மூர் அரசு பஸ்ஸின் நிறத்தை ஏற்றி, ஹாரனை மாற்றி, யாரையும் சுடாமல், எதையும் ஜெயிக்காமல் மணிக்கணக்கில் ஓட்டுகிறார்கள். அடுத்த ஸ்டாப் வருகிறது, அவ்வளவுதான்.

2020-ல் வந்த 'தி லாங்கிங்' இன்னும் ஒரு படி மேலே. பூமிக்கடியில் ஒரு ராஜா தூங்கப் போகிறார். 400 நாள் கழித்து எழுப்பு என்று வேலைக்காரனிடம் சொல்கிறார். அந்த 400 நாள், நிஜமான 400 நாள். விளையாட்டை மூடி வைத்தாலும் கடிகாரம் ஓடும். வேலைக்காரன் ஆடி அசைந்து நடப்பான். பள்ளத்தில் குதிக்க வேண்டுமென்றால் அடியில் பாசி மெத்தையாக வளரும் வரை காத்திருக்க வேண்டும். அவசரமா? காசு கொடுக்க வழியில்லை. அவனுடைய அறையை அழகுபடுத்துங்கள். அறைக்குள் இருக்கும்போது மட்டும் நேரம் வேகமாக நகரும். மனதுக்குப் பிடித்த இடத்தில் நேரம் போவது தெரியாது என்பதை விதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

இந்த நீளத்தையெல்லாம் நான் குறை சொல்லமாட்டேன். என் கவலை வேறு.

என் அக்கா மகன் கோட்டை கட்டும் விளையாட்டு ஒன்றை வைத்திருக்கிறான். போன மாதம் சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். திரையில் ஒரு கோபுரம், அதன் தலையில் ஒரு கடிகாரம்.

"என்னடா பண்ற?"

"அப்கிரேட் ஆகுது மாமா. இன்னும் ஆறு நாள் இருக்கு."

"ஆறு நாளா?"

"ஜெம் போட்டா உடனே முடிஞ்சிரும். அம்மாகிட்ட கேட்டுச் சொல்லேன் மாமா. எண்பத்தொம்பது ரூபாதான்."

அந்த ஆறு நாளில் அங்கே எதுவும் கட்டப்படுவதில்லை. கொத்தனார் இல்லை, செங்கல் இல்லை. ஒரு எண் குறைந்துகொண்டு வருகிறது. அந்த எண்ணை அங்கே வைத்ததே அவன் வாங்கி அழிக்கட்டும் என்றுதான். கதவைப் பூட்டிவிட்டு, பக்கத்திலேயே சாவிக்கடை போட்ட கதை. பஸ் ஓட்டுகிறவன் எட்டு மணி நேரமும் ஓட்டுகிறான். பாசிக்குக் காத்திருப்பவன் குகையில் நடக்கிறான். இவனுக்குப் பார்ப்பதைத் தவிர வேலையே இல்லை. இலவசமாகக் கொடுப்பவர்கள் எப்படித்தான் சம்பாதிப்பது, யாரும் கட்டாயப்படுத்தவில்லையே என்கிறார்கள். இருக்கலாம். கேட்கப்படுபவனுக்குப் பன்னிரண்டு வயது.

இதையும் ஒருவர் கிண்டல் செய்து பார்த்தார். 2010-ல் ஓர் அமெரிக்கப் பேராசிரியர் 'கௌ கிளிக்கர்' என்று ஒன்றைச் செய்தார். ஒரு மாடு. தொட்டால் ஒரு கிளிக். அடுத்து தொட ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டும். காசு கொடுத்தால் காத்திருக்க வேண்டாம். இவ்வளவு அபத்தமாக இருந்தால் புரிந்துகொள்வார்கள் என்று நினைத்தார். ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தார்கள். அதே மாட்டை எதிர்ப்பக்கம் திருப்பி நிறுத்தித் தனி விலை வைத்தார்; அதையும் வாங்கினார்கள். மனுஷர் நொந்துபோய் 2011 செப்டம்பரில் எல்லா மாடுகளையும் மறைய வைத்தார். வெறும் புல்தரை மிச்சம். அதற்குப் பிறகும் சிலர் வந்து, மாடு நின்ற இடத்தைத் தொட்டுவிட்டுப் போனார்கள். கிண்டல் செய்தவரே தோற்றுப்போன இடம் அது.

கட்டுரைக்காக நானும் டெஸர்ட் பஸ் ஓட்டினேன், ஞாயிற்றுக்கிழமை மதியம். முதல் கால் மணி நேரம் கொட்டாவி. பிறகு கை தானாகத் திருத்தப் பழகிவிட்டது. பக்கத்து வீட்டு மிக்சி சத்தம், தெருவில் பழைய பேப்பர்காரர், எப்போதோ மறந்த ஒரு சண்டை எல்லாம் வந்து போயின. நாற்பது நிமிடம் ஆகியிருக்கும், காலிங் பெல் அடித்தது. கேஸ் சிலிண்டர். வாங்கி உள்ளே உருட்டிவிட்டு வந்து பார்த்தால் பஸ் மணலில் நிற்கிறது. எஞ்சின் போய்விட்டது. டூசானிலிருந்து வண்டி வந்து கட்டி இழுத்துக்கொண்டு போகிறது, அதையும் நிஜ நேரத்தில்தான் காட்டுவார்கள்.

அணைத்துவிட மனம் வரவில்லை. அக்கா மகன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"இதுல ஸ்கிப் பண்ண எவ்வளவு மாமா?"

"பண்ண முடியாதுடா."

கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தான். "ஊர் போனதும் எனக்கு ஒரு தடவை குடு" என்றான்.