மஞ்சள் நோட்டீஸ் கொடுக்குமுன் கணக்குப் பார்க்க வேண்டும்

குருவிகுளம் வட்டாரத்தின் கரிசல் நிலங்களில் ஐப்பசி, கார்த்திகை மழை தவறினால் மக்காச்சோளமும் பருத்தியும் உளுந்தும் ஒருசேரப் பாதிக்கப்படுகின்றன. விளைச்சல் போனாலும் வாங்கிய கடன் நிற்கிறது. தை, மாசி மாதங்களில் கடன்காரர் வாசலில் வந்து நிற்கும்போது, "மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துவிட்டால் தொல்லை விட்டது" என்று யாராவது யோசனை சொல்வதுண்டு. இந்த யோசனையை ஏற்பதற்கு முன் அது எதைக் காக்கும், எதைக் காக்காது என்பதை விவசாயிகள் தெரிந்துகொள்ளுதல் அவசியம்.

மஞ்சள் நோட்டீஸ், ஐ.பி. என்றெல்லாம் சொல்லப்படுவது 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டப்படி சார்பு நீதிமன்றத்தில் கொடுக்கும் மனுவாகும். கடன் 500 ரூபாய்க்குக் குறையாமல் இருந்தால் மனுச் செய்யலாம் என்று சட்டம் கூறுகிறது. ஆனால் கடனைத் தீர்க்க இயலாத நிலை உண்மையிலேயே இருக்க வேண்டும். நொடித்தவர் என்று நீதிமன்றம் அறிவித்தபின், கடன் கொடுத்தவர் நீதிமன்ற அனுமதியின்றி வழக்குப் போட முடியாது. அதே சமயம் கடனாளியின் சொத்து நீதிமன்றத்தின் அல்லது ரிசீவரின் வசம் போய்விடும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். மூன்று ஏக்கர் மானாவாரி நிலம் உள்ள விவசாயிக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் 60,000 ரூபாய், நகைக்கடன் 80,000, புரோநோட்டுக் கடன் 1,50,000, உரக்கடைப் பாக்கி 30,000, ஆக 3,20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தாலும் அடகு பிடித்தவரின் உரிமை போகாது. ஆகவே நகை மீளாது. சங்கக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்ட பக்கத்துக் காட்டுக்காரரும் விடுபடமாட்டார். கடனாளிக்கு விடுதலை கிடைத்தாலும் ஜாமீன்தாரரின் பொறுப்பு தொடரும். மிஞ்சுவது புரோநோட்டும் கடைப் பாக்கியும், 1,80,000 ரூபாய். நிலம் ஏக்கர் 3 லட்சம் போகுமானால், தீர்க்க இயலாதவர் என்று நீதிமன்றத்தை நம்பவைப்பதே கடினம். நம்பினாலோ மூன்று ஏக்கரும் ரிசீவரிடம் போகும். அதைவிட ஒரு ஏக்கரைத் தாமே நல்ல விலைக்கு விற்பது நஷ்டம் குறைந்த வழி. கசப்பான யோசனைதான், ஆனால் மீதி இரண்டு ஏக்கர் கையில் நிற்கும்.

நிலத்தை முன்கூட்டியே மனைவி பெயருக்கோ மைத்துனர் பெயருக்கோ எழுதிவைத்துவிட்டு மனுக் கொடுப்பது சிலருடைய வழக்கம். இது பெரும் தவறு. மனுவுக்கு முந்தைய இரண்டாண்டுகளுக்குள் உரிய விலையின்றி எழுதிக்கொடுத்த பத்திரத்தை நீதிமன்றம் ரத்துச் செய்யலாம். சொத்தை மறைத்தது நிரூபணமானால் ஓராண்டு வரை சிறைத் தண்டனையும் உண்டு.

பலர் அறியாத விஷயம் ஒன்று இருக்கிறது. உழவுமாடு, உழவுக் கருவி, விதைத் தானியம், விவசாயி குடியிருக்கும் வீடு ஆகியவற்றைச் சாதாரணப் பணக் கடன் தீர்ப்புக்காக ஜப்தி செய்ய இயலாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு கூறுகிறது. இந்தப் பாதுகாப்புக்கு மஞ்சள் நோட்டீஸ் தேவையில்லை. ஜப்தி உத்தரவு வரும்போது நீதிமன்றத்தில் எடுத்துச் சொன்னால் போதும். ஈடு எழுதிக்கொடுத்த வீட்டுக்கு மட்டும் இது உதவாது.

பயிர்க்கடனைப் பொறுத்தவரை முதலில் போக வேண்டிய இடம் வங்கியும் சங்கமும்தான். இயற்கை இடர் என்று அரசு அறிவித்த பகுதிகளில், 2018இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நெறிமுறை, பயிர்ச் சேதம் 33 முதல் 50 சதம் வரை என்றால் இரண்டாண்டும், அதற்குமேல் என்றால் ஐந்தாண்டு வரையும் கடனைத் திருப்பிச் செலுத்தத் தவணை நீட்டிக்க வங்கிகளுக்கு இடமளித்தது. முதல் ஓராண்டு வசூல் நிறுத்தமும் அதில் அடங்கும். அவ்வாறு 60,000 ரூபாயை ஐந்தாண்டாக மாற்றினால், முதலாண்டு கழிந்தபின் அசலில் ஆண்டுக்கு 15,000 ரூபாய் கட்டினால் போதும், வட்டி தனி. கூட்டுறவுச் சங்கங்களிலும் குறுகிய காலக் கடனை மத்திய காலக் கடனாக மாற்றும் வழக்கம் உண்டு. விண்ணப்பிக்கும் நாளில் நடப்பிலுள்ள விதியையும் வட்டியையும் எழுத்துமூலம் கேட்டுப் பெறுதல் நலம். தவணை தவறியபின் போவதைவிடச் சேதம் தெரிந்தவுடன் போவதே சிறந்தது. அடங்கலில் பயிர் சரியாகப் பதிவாகியுள்ளதா என்பதையும் கிராம நிர்வாக அலுவலரிடம் பார்த்துக்கொள்ள வேண்டும். காட்டில் மக்காச்சோளம் நின்றிருக்க, அடங்கலில் தரிசு என்றிருந்தால் எந்த நிவாரணமும் வராது.

புரோநோட்டுக் கடனுக்கு மக்கள் நீதிமன்றம் ஏற்ற இடம். அங்கு கட்டணம் இல்லை. இரு தரப்பும் ஒப்பிய தவணை தீர்ப்பாகவே எழுதப்படும், மேல்முறையீடும் கிடையாது. ஆகையால் கட்ட முடிந்த தொகையை மட்டுமே ஒப்புக்கொள்ள வேண்டும். கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவை 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும். இவற்றுக்குப் போலீசில் புகார் செய்யலாம்.

இவ்வளவுக்கும் பிறகு, நிலம் ஏதுமின்றிக் குத்தகைக்கு உழுது, பல நோட்டுகளுக்கு ஒரே சமயத்தில் வழக்கு வந்து, கைது வாரண்டு வரை போனவருக்கு மஞ்சள் நோட்டீஸ் பொருந்தலாம். நொடித்தவர் என்று அறிவிக்கப்பட்டபின் தவணைத் திட்டம் ஒன்றை அவரே நீதிமன்றத்தில் கொடுக்கவும் சட்டத்தில் இடமுண்டு. விசாரணைக்கு வந்த கடன்காரரில் எண்ணிக்கையில் பாதிக்கு மேற்பட்டவரும், கடன் தொகையில் முக்கால் பங்குக்கு உரியவர்களும் ஒப்பினால் நீதிமன்றம் அதைப் பரிசீலிக்கும். நொடித்த நிலை நீங்கும் வரை ஊராட்சித் தேர்தலில் நிற்க இயலாது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், குறைந்த வருமானம் உள்ளோர் ஆகியோருக்கு வட்டச் சட்டப் பணிகள் குழு மூலம் இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார். போகும்போது நோட்டு நகல், சங்கப் பாஸ் புத்தகம், நகைச் சீட்டு, பட்டா, அடங்கல், இதுவரை கட்டிய வட்டிக்கான ரசீதுகள் ஆகியவற்றைக் கொண்டுசெல்ல வேண்டும். ரசீது இல்லாத வட்டியை, கொடுத்த தேதியுடன் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகலாம்.