யந்திரம் இருப்பதும் யந்திரத்தை ஓட்டுவதும்

பந்தயங்களுக்கு விதி வகுப்பது எளிது. வகுத்த விதிக்குப் பக்ஷபாதமின்றிப் பொருள் காண்பதே அரிது. கிளைடர் பந்தயங்களில் மோட்டார் பொருத்திய விமானங்களைப்பற்றி எழுந்துள்ள விவகாரம் இதற்குத் தக்க உதாரணமாகும்.

கிளைடர் என்பது வெயிலால் சூடேறி மேலெழும் காற்றையும், மலைச்சரிவில் மோதி உயரும் காற்றையும் பற்றிக்கொண்டு, யந்திரத்தின் துணையின்றிப் பறக்கும் விமானம். முதல் உலக யுத்தத்தின் பின் 1919-ல் ஏற்பட்ட வெர்ஸேல்ஸ் உடன்படிக்கை ஜெர்மனியின் விமானத் தொழிலுக்கு விலங்கிட்டது. அந்நாட்டு இளைஞர்கள் 1920-ல் ரோன் மலைப் பிரதேசத்து வாஸ்ஸர்குப்பே குன்றில் கூடி, யந்திரமற்ற விமானங்களைக் கொண்டே பந்தயம் நடத்தினர். 1922-ல் மார்ட்டென்ஸ் என்பவர் அங்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் பறந்து காட்டினார். 1937-ல் சர்வதேசப் பந்தயமும் அக்குன்றிலேயே நடைபெற்றது. யந்திரம் மறுக்கப்பட்டதனால் வளர்ந்த அக்கலைக்குள் யந்திரமே திரும்பி வந்து புகுந்திருப்பது காலத்தின் விசித்திரம் அன்றோ!

இன்றைய கிளைடர்கள் பலவற்றில் சிறு மோட்டார் ஒன்று உடலுக்குள் மடங்கிக் கிடக்கிறது. சிலவற்றில் அது தரையிலிருந்து தானே கிளம்பும் வலிமை தருகிறது. வேறு சிலவற்றில் காற்று கைவிடும்போது வீடு சேர்க்க மட்டுமே உதவுகிறது. மோட்டார் உள்ளவரும் இல்லாதவரும் ஒரே வகுப்பில் போட்டியிடுகையில், இது சமமான போட்டியாகுமா என்ற கேள்வி எழுகிறது.

மோட்டார் இல்லாதவர் காற்று ஓய்ந்தால் யாரோ ஒரு குடியானவரின் வயலில் இறங்கவேண்டும். துணைவர்கள் வண்டியுடன் தேடி வந்து, இறக்கையைக் கழற்றி ஏற்றிச் செல்வதற்குள் நள்ளிரவு ஆகிவிடலாம். மோட்டார் உள்ளவரோ மாலையிலேயே நிலையம் திரும்பி, உண்டு உறங்கி, மறுநாட் பந்தயத்துக்குப் புத்துணர்ச்சியோடு வருகிறார். எதிர்த்தரப்பாரும் வாயடைத்து நிற்கவில்லை. மோட்டாரின் பாரம் மந்தமான காற்றுள்ள நாளில் சுமையே என்பதும், அவசர வேளையில் அது கிளம்பாமற் போவதுண்டு என்பதும் அவர்கள் வாதம். இரண்டிலும் உண்மை உண்டு.

சர்வதேச விமானச் சம்மேளனத்தின் பந்தய விதிகள் இவ்வழக்கைத் தீர்த்துள்ள முறை பாராட்டத்தக்கது. பந்தயம் துவங்கியபின் எவ்விடத்தில் மோட்டார் ஓட்டப்பட்டதோ, அவ்விடத்திலேயே அவ்விமானம் தரையிறங்கியதாகக் கொள்ளப்படும்; அதுவரை கடந்த தூரத்துக்கு மட்டுமே மதிப்பெண். மோட்டாரை வைத்திருப்பது குற்றமன்று; அதை ஓட்டுவதே பறப்பின் முடிவு. இதுவே அவ்விதியின் உயிர்.

ஆனால் ஓட்டியதை எங்ஙனம் அறிவது? விமானத்திலுள்ள பதிவுக் கருவி, செல்லும் வழியையும் உயரத்தையும் குறிப்பதோடு, சத்தத்தின் அளவையும் 0 முதல் 999 வரையுள்ள எண்ணால் குறிக்கிறது. மோட்டார் முழங்கினால் எண் உயரும். எனினும் விமானி தலைக்கு மேலுள்ள கண்ணாடி மூடியின் சிறு ஜன்னலைத் திறந்துவைத்தால், புகும் காற்றின் ரீங்காரத்தாலும் எண் உயரக்கூடும். இதற்கு மாறாக, மின்சார மோட்டார் போன்றவை மெல்லிய சத்தத்தோடு ஓடுவதால், சத்தத்தை மட்டும் நம்புதல் போதாமல், மோட்டாரின் இயக்கத்தை நேராகக் குறிக்கும் வேறு உணர்கருவியும் தேவையாயிற்று. ஆகவே எண்ணைக் கண்டமாத்திரத்தில் தீர்ப்புக் கூறும் நடுவர் நிரபராதியைத் தண்டிக்கவும் கூடும். குற்றவாளியைத் தப்பவிடவும் கூடும். அவ்வேளையில் விமானம் ஏறியதா, இறங்கியதா, வேகம் என்ன என்பவற்றையும் சேர்த்து நோக்குவதே நியாயம்.

இதில் மதிப்பெண்ணைவிடப் பெரிய பொருள் ஒன்று அடங்கியிருக்கிறது. அது விமானியின் உயிர். மடங்கிய மோட்டாரை வெளியே நீட்டியதும், அது ஓடத் துவங்கும்வரை விமானம் முன்னிலும் விரைவாகத் தாழும். இறங்குதற்கேற்ற வயல் எட்டும் தூரத்தில் இருக்கையிலே, போதிய உயரத்தில் அதை இயக்க முயல்வதே விவேகம். ஓட்டியவரை விதி அளவுக்கு மீறித் தண்டித்தால், இன்னும் சிறிது பார்ப்போம் என்று அவர் தயங்குவார். அத்தயக்கம் மரணத்தில் முடியலாம். தண்டனையே இல்லையெனில், மோட்டாரை நம்பி, இறங்க இடமில்லாத காட்டின்மேலும் துணிந்து செல்வார். மோட்டார் இல்லாத எதிராளி அங்கே செல்ல இயலாது. தரையிறங்கியதாகக் கொள்ளும் விதி இவ்விரு கோடிகளுக்கும் நடுவே நிற்கிறது.

ஆயினும் விதியின் பொருளைப் பந்தயம் முடிந்தபின் வெற்றி பெற்றவரின் முகத்தைப் பார்த்து நிர்ணயிப்பது தகாது. எத்தகைய பதிவு சான்றாகும், ஐயம் எழுந்தால் விமானி என்ன காட்டவேண்டும் என்பவற்றை முதல் விமானம் கிளம்புமுன்னரே எல்லோரும் அறியச் செய்தல் வேண்டும். தோற்றவனும் 'தீர்ப்புச் சரியே' என்று ஒப்பும்படி அமைவதே நல்ல விதி. காற்று எவருக்கும் சலுகை காட்டுவதில்லை; நடுவரும் காட்டலாகாது.