நனைந்த கைத்தொலைபேசியும் பழைய வானொலியும்

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டு மக்கள் புறப்பட்டபோது மழை பெய்துகொண்டிருந்தது. பின்னர் கிளாலிக் கடல்நீரேரியைக் கடந்து வன்னிக்கு வந்த எம்மிற் பலரின் மூட்டைகளில் அரிசியோடும் பாயோடும் ஒரு வானொலிப் பெட்டியும் இருந்தது. நனைந்துதான் வந்து சேர்ந்தது. மூடியைக் கழற்றித் துணியால் ஒற்றி, இரண்டு மூன்று நாள் காற்றில் வைத்தோம். பல பெட்டிகள் மீண்டும் பேசின.

வன்னிக்குள் பற்றரி தடைசெய்யப்பட்டிருந்த காலம் அது. சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் செய்தி கேட்டோம். தப்பித்தவறிக் கிடைத்த பற்றரியையும் செய்தி முடிந்ததும் கழற்றி வைத்தோம். சிக்கனத்துக்காகச் செய்த அந்த வேலை நனைந்த வானொலியையும் காப்பாற்றியது. ஈரத்தோடு மின்னோட்டம் சேரும்போதுதான் உள்ளே இருக்கும் செப்புத் தடங்கள் விரைவாக அரிபட்டுப் பச்சை பிடிக்கின்றன.

இன்றைய கைத்தொலைபேசியில் பற்றரி எப்போதும் உள்ளேயே இருக்கிறது. 2018 டிசெம்பர் வெள்ளத்தின்போது கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மீண்டும் மூட்டை கட்டின. அவ்வேளை நாம் சந்தித்த தாயார் ஒருவர், நனைந்த தொலைபேசி வேலை செய்கிறதா என்று திரும்பத் திரும்ப அமத்திப் பார்த்தார். பிறகு சார்ஜிலும் போட்டார். காணாமற்போன மகனின் படம் அதற்குள் இருந்தது. அவரைக் குறை சொல்ல எமக்கு மனம் வரவில்லை. தொலைபேசி பிழைக்கவில்லை. திருத்துபவர் மெமறி காட்டைக் கழற்றித் துடைத்து வேறொன்றில் போட்டார். படம் இருந்தது.

ஆகவே, நனைந்தவுடன் அதை நிறுத்துங்கள். பற்றரி கழற்றக்கூடியதாயின் உடனே கழற்றுங்கள். சிம்மையும் மெமறி காட்டையும் வெளியே எடுத்துத் தனியாக உலர்த்துங்கள். சார்ஜ் ஏற்றும் துவாரம் கீழே பார்க்கத் தொலைபேசியை மெதுவாகத் தட்டி நீரை வடியவிட்டு, நிழலில் காற்றுப்படும் இடத்தில் இரண்டு நாளாவது வையுங்கள். அடுப்பருகும் கொதி வெயிலும் வேண்டாம். பற்றரி வீங்கியிருந்தால் அதைக் குத்தவோ அமத்தவோ கூடாது. வீட்டுக்கு வெளியே வையுங்கள்.

உப்புநீர் புகுந்தால் காயவிடுவது மட்டும் போதாது. நீர் போனாலும் உப்பு நிற்கும். வெள்ளச் சேறும் அப்படியே. தாமதிக்காமல் திருத்துபவரிடம் கொடுத்து, பலகையைச் சுத்தமான அற்ககோலால் கழுவச் சொல்லுங்கள். எமது கிணற்று நீரில் கழுவினால், பல இடங்களில் அதிலுள்ள கல்சியம் வேறு படியும்.

அரிசிக்குள் புதைப்பது பலருடைய கைமருந்து. சோற்றுக்குரியதைச் சோற்றுக்கே வைத்திருங்கள். திறந்த காற்றைவிட அரிசி கூடுதலாக ஒன்றும் செய்வதில்லை. அதன் மாவும் குறுநொய்யும் துவாரத்துக்குள் போகும். ஐபோனை அரிசிப் பைக்குள் வைக்க வேண்டாமென்று 2024இல் அப்பிள் நிறுவனமே அறிவுறுத்தியது.

வெள்ளத்தில் மூழ்கிய மின்சார நீர்ப்பம்பி வேறு விடயம். அது உயிரை வாங்கும். ஈரத்தில் நின்றபடி ஆளியைத் தொடாதீர்கள். மின் வேலை தெரிந்தவர் சோதிக்கும்வரை மின்னிணைப்பைக் கொடுக்காதீர்கள்.

மாரிக்கு முன்னரே பிள்ளைகளின் படங்களையும் தொலைபேசியிற் பிடித்து வைத்த காணி உறுதியின் படத்தையும் அச்சடித்து, தொலைபேசி இலக்கங்களை ஒரு தாளில் எழுதி, இரட்டைப் பொலித்தீன் பையிற் கட்டி வையுங்கள்.