கடல்பெருக்கு நாட்கள்: மூத்தோருக்கான சுகாதாரக் குறிப்புகள்

கிள்ளான் துறைமுகம், கேரித் தீவு, கோலசிலாங்கூர், தஞ்சோங் காராங் போன்ற கடலோரப் பகுதிகளில் வசிக்கும் உங்களுக்குக் கடல்நீர் ஏறுவது புதிதல்ல. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மாதம் இருமுறை கடல்மட்டம் வழக்கத்தைவிட உயரும். நிலவு பூமிக்கு அருகில் வரும் காலமும் அதோடு சேர்ந்துகொண்டால் பெருக்கு இன்னும் கூடும். கிள்ளான் துறைமுகத்தில் நீர்மட்டம் 5.5 மீட்டரைத் தாண்டியதுண்டு. அந்நேரத்தில் கனமழையும் பெய்தால் கால்வாய் நீர் கடலுக்குள் இறங்க முடியாமல் வீடுகளின் பக்கம் திரும்பும். கரை உடையாமலேயே வீட்டுக்குள் தண்ணீர் வருவது இதனால்தான்.

உங்கள் வீட்டுத் தமிழ் நாள்காட்டியே முதல் எச்சரிக்கை. அமாவாசை, பௌர்ணமி நாளையும் அடுத்து வரும் மூன்று நாட்களையும் குறித்து வையுங்கள். நீர் உச்சத்திற்கு வரும் நேரம் கடல்மட்ட அட்டவணையில் இருக்கும். கைப்பேசியில் பார்த்துச் சொல்லும்படி பிள்ளைகளையோ பேரப்பிள்ளைகளையோ கேளுங்கள்.

பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. ஏறிய நீர் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். ஆபத்து நீங்கியது என்று நினைத்து உடனே வீட்டைக் கழுவத் தொடங்குவோம். ஆனால் ஏறத்தாழ 12 மணி 25 நிமிடத்தில் அடுத்த பெருக்கு வரும். இது தொடர்ந்து சில நாட்களுக்கு நடக்கும். ஆகவே முதல் நீர் வடிந்த இடைவெளியைக் கழுவுவதற்கு அல்ல, மருந்தையும் பத்திரங்களையும் எடுத்துக்கொண்டு மேடான இடத்திற்குப் போவதற்குப் பயன்படுத்துங்கள். தரையைப் பிறகு துடைத்துக்கொள்ளலாம்.

ஒரு வாரத்திற்குத் தேவையான மருந்து, மருந்துச் சீட்டு, கிளினிக் அட்டை, அடையாள அட்டை, மூக்குக்கண்ணாடி ஆகியவற்றைத் தண்ணீர் புகாத பையில் போட்டு, கைக்கு எட்டும் உயரத்தில் மாட்டி வையுங்கள். அலமாரியின் அடித்தட்டு வேண்டாம். இன்சுலின் போடுபவர்கள் திறக்காத மருந்தை ஐஸ் பெட்டியில் கொண்டு செல்லலாம். ஐஸ்கட்டி நேராக அதன்மேல் படாதபடி துணியில் சுற்றுங்கள். உறைந்துபோன இன்சுலினைப் பயன்படுத்தக் கூடாது. திறந்து பயன்படுத்தி வரும் பெரும்பாலான இன்சுலின் வகைகள், 30 டிகிரிக்கு மேல் சூடாகாத இடத்தில் சுமார் 4 வாரம் கெடாமல் இருக்கும். மின்சாரம் போனதும் பதற வேண்டியதில்லை. டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் சாலை மூழ்கும்வரை காத்திருக்காமல், பெருக்கு நாட்களுக்கு முன்பே மையத்தை அழைத்து நேரத்தை மாற்றிக் கேளுங்கள்.

இனிப்புநீர் உள்ளவர்கள் வெள்ளநீரில் காலை வைக்கவே கூடாது என்பது எங்கள் உறுதியான அறிவுரை. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால், ஆணியோ கண்ணாடித் துண்டோ குத்தினாலும் தெரியாது. உப்புநீரில் வாழும் சில கிருமிகள் சிறு புண் வழியாகவும் உடலுக்குள் புகும். கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு இது உயிருக்கே ஆபத்தாகலாம். தவிர்க்க முடியாமல் இறங்க நேர்ந்தால் ரப்பர் பூட்ஸ் அணியுங்கள். சிலிப்பர் சேற்றில் கழன்றுவிடும். வெளியே வந்ததும் சோப்பால் கழுவி, விரல் இடுக்குகளைத் துடைத்து, உள்ளங்காலை மற்றவரிடம் காட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

மின்சார மெயின் சுவிட்சைத் தண்ணீர் வீட்டுக்குள் வருவதற்கு முன்பே அணைத்துவிடுங்கள். தரை ஈரமாகிவிட்டால் அதைத் தொட வேண்டாம். நடக்கச் சிரமப்படுபவர்கள் வெளியேறும்படி அறிவிப்பு வரும்வரை காத்திராமல் முன்கூட்டியே உறவினர் வீட்டுக்குப் போய்விடுவது நல்லது. அவசரத்திற்கு 999.

நீர் வடிந்து ஒரு வாரமோ இரண்டு வாரமோ கழித்துக் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவத்தல் ஏற்பட்டால் அது எலிச் சிறுநீரால் பரவும் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். பெனடால் சாப்பிட்டுவிட்டு வீட்டில் படுத்திருக்காதீர்கள். கிளினிக்கிற்குச் சென்று, "நான் வெள்ளநீரில் நடந்தேன்" என்று மருத்துவர் கேட்பதற்கு முன்பே சொல்லுங்கள்.