இடது பக்கம் சரியும் கோடு

காது டெஸ்ட் எடுப்பது என் வேலை. சத்தம் புகாத அறையில் ஹெட்போன் மாட்டி உட்கார வைத்து, "லேசாகக் கேட்டாலும் பட்டனை அழுத்துங்க" என்பேன். வயதானவர்களின் ஆடியோகிராமில் கோடு வலது பக்கம் சரியும். கீச்சென்ற ஒலிகள்தான் முதலில் போகும். முப்பது வயதுப் பெண்ணுக்கு இடது பக்கம், 250, 500 ஹெர்ட்ஸில் சரிந்திருந்தால் அடுத்த டோக்கனைக் கூப்பிட மாட்டேன். பார்வையில் ஏதாவது மறைக்கிறதா, புதிதாகத் தலைவலி உண்டா என்று விசாரிப்பேன்.

பெரும்பாலும் அது மெனியர் நோயாகத்தான் இருக்கும். ஆனால் சுசாக் சிண்ட்ரோமும் இதே கோட்டைப் போடும். அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜான் சுசாக்கும் சகாக்களும் இரண்டு பெண்களிடம் கண்டு 1979-ல் எழுதிய நோய் இது. 20 முதல் 40 வயதுப் பெண்களுக்கே அதிகம், ஆண்களுக்கும் வரும்.

உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியே மிக நுண்ணிய ரத்தக் குழாய்களின் உட்சுவரைத் தாக்குகிறது. குழாய் வீங்கி அடைபடுகிறது. மூளை, விழித்திரை, உள்காது மூன்றிலும் இதுதான் நடக்கிறது. உள்காதில் கனத்த ஒலிகளைப் பிடிப்பது சுருளின் நுனி. ரத்தம் கடைசியாகப் போய்ச் சேரும் கடைமடை அது. முறை தவறினால் முதலில் காய்வது அந்த வயல்தான் என்பதே மருத்துவர்கள் தரும் விளக்கம்.

சிக்கல் என்னவென்றால், மூன்றும் பெரும்பாலும் சேர்ந்து வருவதில்லை. அதுவரை உலகெங்கும் பதிவாகியிருந்த 304 பேரை 2013-ல் ஓர் ஆய்வு தொகுத்துப் பார்த்தது. ஆரம்பத்திலேயே மூன்று அறிகுறிகளும் இருந்தவர்கள் 13 சதவீதம்தான். மறதி, குணமாற்றம் என்று தொடங்கினால் வீட்டார் மனநல மருத்துவரைத் தேடிப் போவார்கள். மூளை குழம்பியிருப்பவர் காது மந்தமானதைத் தானாகச் சொல்லவும் மாட்டார், என் பட்டனை ஒழுங்காக அழுத்தவும் மாட்டார். பட்டன் தேவையில்லாத பெரா டெஸ்ட் இருக்கிறதே என்பீர்கள். கிளிக் ஒலியில் எடுக்கும் பெரா உச்ச ஒலிகளைத்தான் முக்கியமாகச் சோதிக்கும். கனத்த ஒலிகளின் இழப்பு அதில் தப்பிவிடும். நார்மல் என்று வரும் ரிப்போர்ட்டை நான் அப்படியே நம்புவதில்லை.

எம்.ஆர்.ஐ.யில், இரு மூளைப் பாதிகளையும் இணைக்கும் பாலத்தின் நடுப்பகுதியில் உருண்டைப் புள்ளிகள் தெரியும். மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் என்று நினைத்து வைத்தியம் செய்வது அடிக்கடி நடப்பதுதான். கையில் மஞ்சள் சாயம் ஏற்றி விழித்திரையைப் படமெடுத்தால் அடைபட்ட குழாயும் சாயம் கசியும் இடமும் புலப்படும். பார்வையில் குறையே தெரியாதவருக்கும் இந்தப் படம் எடுக்க வேண்டும்.

ஸ்டீராய்டை டிரிப்பில் ஏற்றித் தொடங்குவார்கள். இம்யூனோகுளோபுலின், ரிடுக்ஸிமாப் போன்றவை தொடரும். சீக்கிரம் தொடங்கினால் மூளை பெருமளவு தேறலாம். போன காது திரும்புவது அரிது. காக்ளியர் இம்ப்ளான்ட் கைகொடுக்கும், ஆனால் அதன் காந்தம் எம்.ஆர்.ஐ. படத்தில் நிழலாக விழும். மூளையை அடிக்கடி படமெடுத்துப் பார்க்க வேண்டிய நோயாளி என்பதால், எப்போது பொருத்துவது என்பதை நரம்பியல் மருத்துவரைக் கேட்டே முடிவு செய்கிறோம்.