தொடுவதற்கு முன் விளக்கைப் பார்

2009 ஆகஸ்ட் 30. பெல்ஜியத்தின் ஸ்பா பந்தயத்தடம். ஃபார்முலா ஒன் வரிசையின் முதலிடத்தில், போல் பொசிஷனில், இந்தியக் கொடியின் கீழ் ஓடும் குழுவின் கார் நிற்கிறது. அதுவரை ஒரு புள்ளிகூட எடுத்திராத குழு அது. முதல் சுற்றிலேயே சில கார்கள் மோதிக்கொள்ள, பாதுகாப்புக் கார் வந்து எல்லோரையும் மெதுவாக்குகிறது. ஐந்தாவது சுற்றில் அது விலகியதும், பின்னால் வந்த காரின் ஓட்டுநர் ஸ்டீயரிங்கில் ஒரு பொத்தானை அழுத்துகிறார். மேடேறும் நீண்ட நேர்பாதையில் எண்பது குதிரைத்திறன் கூடுதலாகக் கிடைக்கிறது. அங்கேயே முந்திவிடுகிறார். முன்னால் இருந்த காரில் அந்தப் பொத்தான் இல்லை. பந்தயம் முடிந்தபோது இரண்டு கார்களுக்கும் இடையே ஒரு நொடிகூட வித்தியாசமில்லை. ஆனால் வென்றது பொத்தான் இருந்த கார்தான்.

கெர்ஸ் என்ற சொல் ரசிகர்களின் வாயில் ஏறியது இப்படித்தான். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலைப் பிடித்து வைத்து, வேண்டும்போது திருப்பிக் கொடுக்கும் அமைப்பு. அந்த ஆண்டு விதிகள் அனுமதித்தது 60 கிலோவாட் திறன், ஒரு சுற்றுக்கு 400 கிலோ ஜூல். கணக்கில் ஆறரை நொடிக்குச் சற்றே கூடுதலாக அது உதவும். மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் 605 கிலோ காரிடம் இருக்கும் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 2,100 கிலோ ஜூல். அதாவது ஒரே ஒரு கடும் பிரேக்கில் சூடாகிக் காற்றில் கலப்பதில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும், அதுவும் சுற்று முழுவதற்குமாக, சேமிக்கச் சொன்னார்கள். அவ்வளவு சிறிய அளவு. அதற்கே ஒரு பந்தயம் கைமாறியது.

அதற்கு ஒரு மாதம் முன்பு ஹங்கேரியில் கெர்ஸ் பொருத்திய கார் முதல் வெற்றியைப் பெற்றிருந்தது. ஆனாலும் அந்த ஆண்டின் கோப்பையை வென்றது கெர்ஸ் இல்லாத கார். ஒரு காரணம் எடை. முப்பது கிலோ வரை எடையுள்ள பொருளை ஏற்றினால், காரைச் சமநிலைப்படுத்த வைத்திருக்கும் எடைக்கட்டிகளைக் குறைக்க வேண்டும். உயரமும் உடல்வாகும் உள்ள ஓட்டுநருக்கு அது இரட்டைத் தண்டனை. 2010இல் எல்லாக் குழுக்களும் பேசி ஒருமனதாக அதைக் கழற்றி வைத்தன. 2011இல், காரின் குறைந்தபட்ச எடையை 640 கிலோவாக உயர்த்திய பின், மீண்டும் வந்தது. இந்த அளவுக்குப் பந்தய உலகம் பேசியிருக்கிறது, எழுதியிருக்கிறது.

பேசாதது ஒன்று உண்டு. காரை ஓட்டுபவரைப் பற்றி எல்லோரும் கேட்டார்கள். காரைத் தொடுபவரைப் பற்றி?

2008 ஜூலை 22. ஸ்பெயினின் ஜெரெஸ் பந்தயத்தடத்தில் ஒரு குழு, அடுத்த ஆண்டுக்கான அமைப்பைச் சோதித்துக்கொண்டிருந்தது. சோதனை ஓட்டம் முடித்து கார் பிட்டுக்குத் திரும்புகிறது. வழக்கம்போல அதைத் தள்ளி உள்ளே கொண்டுபோக மெக்கானிக் ஒருவர் ஓடிவந்து உடலில் கைவைக்கிறார். அடுத்த கணம் தரையில் விழுந்து கிடக்கிறார். கரண்ட் அடித்திருக்கிறது. இடது கையில் சிறு காயம், கைச்சிராய்ப்பு. நல்லவேளையாக அதோடு போயிற்று. காருக்குள் உட்கார்ந்திருந்த ஓட்டுநருக்கு ஒன்றுமில்லை.

பிறகு அந்தக் குழு நடத்திய ஆய்வு வெளியிட்ட காரணம்தான் இந்தத் தொழில்நுட்பத்தைப் பற்றிய மிக முக்கியமான பாடம். உயர் மின்னழுத்தக் கம்பி எதுவும் அறுந்து தொங்கவில்லை. கெர்ஸ் கட்டுப்பாட்டுப் பெட்டியில் இருந்து, இருவேறு மின்சுற்றுகளும் ஒன்றையொன்று தொடாமலே, சாதாரண 12 வோல்ட் சுற்றுக்கு உயர் அதிர்வெண் மின்சாரம் அவ்வப்போது தாவியிருக்கிறது. அது 12 வோல்ட் கம்பி வழியாக ஸ்டீயரிங்குக்கு வந்து, கார்பன் நாரால் ஆன காரின் உடல் வழியாகப் பெட்டிக்கே திரும்பும் பாதை போட்டிருந்தது. கார்பன் நார் மின்சாரத்தைக் கடத்தும். இலேசாக இருக்கிறது, உறுதியாக இருக்கிறது என்று கால் நூற்றாண்டுக்கும் மேலாகக் கொண்டாடிய அதே பொருள், இப்போது காரின் ஒவ்வொரு அங்குலத்தையும் கம்பியாக்கிவிட்டது. ஆபத்து எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. புகை இல்லை, நெருப்பு இல்லை, மணம் இல்லை.

அதே ஜூலையில் வேறொரு குழுவின் தொழிற்சாலையில், பேட்டரியைச் சோதிக்கும்போது புகை மண்டி, கட்டடத்தையே காலி செய்ய வேண்டியதாயிற்று. 2009இல் மலேசியாவில், பயிற்சி ஓட்டத்தில், காக்பிட்டுக்குள் புகை எழ ஓட்டுநர் அவசரமாக இறங்கினார். மூன்றும் சிறிய சம்பவங்கள்தான். ஆனால் மூன்றும் சேர்ந்து, பந்தயத்தில் ஒரு புதிய பழக்கத்தைப் பிறப்பித்தன.

கார் பழுதாகி நின்றால் ஓட்டுநர் எப்படி இறங்குகிறார் என்று கவனியுங்கள். வழக்கமாகக் காரில் இருந்து இறங்குவதுபோல ஒரு காலைத் தரையில் ஊன்றி, கையைக் காரில் வைத்து இறங்க மாட்டார். காரின் மேல் ஏறி நின்று, இரண்டு கால்களையும் ஒன்றாகத் தரையில் பதித்துக் குதிப்பார். மின்கம்பியில் உட்காரும் காகத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. அதே காகத்தின் சிறகு இன்னொரு கம்பியைத் தொட்டால்தான் விழும். கார், தரை இரண்டையும் ஒரே நேரத்தில் தொட்டுவிட்டால், கோளாறால் கசிந்திருக்கும் மின்சாரம் அந்த உடல் வழியாகவே இறங்கும். ஆகவேதான் அந்தக் குதிப்பு. தொலைக்காட்சியில் பார்க்க அழகாக இருக்கும். வர்ணனையாளர்கள் பெரும்பாலும் காரணம் சொல்வதில்லை.

ஓட்டுநருக்கு இது பயிற்சியாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. அவர் குதித்து விலகிவிடுவார். அதன்பின் அந்தக் காரை நெருங்க வேண்டியவர் மார்ஷல். ஆரஞ்சு உடை, கையில் கொடி அல்லது தீயணைப்பான். உலகின் பெரும்பாலான பந்தயங்களில் இவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். வார நாட்களில் ஆசிரியர், வங்கி ஊழியர், மெக்கானிக். வார இறுதியில் பந்தயத்தின் மேல் உள்ள ஆசையால் வெயிலிலும் மழையிலும் வந்து நிற்பவர்கள். இவர்களுக்குத்தான் இன்று ஒரு புதிய ஒழுங்கு: கார் நின்றதும் முதலில் அதன் தலைக்கு மேல் உள்ள சிறிய விளக்கைப் பார். பச்சை எரிந்தால் தொடலாம். சிவப்பு எரிந்தாலோ, விளக்கே எரியாவிட்டாலோ கிட்டே போகாதே. தொடும்போது மின்சாரம் கடத்தாத கையுறை கட்டாயம்.

காகிதத்தில் இது தெளிவான விதி. நடைமுறையில் கார் இருப்பது தடத்தின் நடுவே. மற்ற கார்கள் மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் வந்துகொண்டிருக்கின்றன. ஒருவேளை எஞ்சினில் தீ. மழை பெய்து கண்ணாடி மங்கியிருக்கலாம். மோதலில் விளக்கே நொறுங்கியிருக்கலாம். அந்த ஐந்து நொடியில் தீர்மானம் எடுக்க வேண்டியவர், அந்த வளாகத்திலேயே குறைந்த ஊதியம் பெறுபவர், அதாவது ஊதியமே பெறாதவர். ஒரு தொழில்நுட்பத்தின் முழுப் பலனும் ஒரு பக்கமும், அதன் எஞ்சிய ஆபத்து முழுவதும் இன்னொரு பக்கமும் ஒதுங்கிவிட்டால், அதை முன்னேற்றம் என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிட முடியாது.

பெட்ரோலைவிட பேட்டரி கொடியதல்ல, ஃபார்முலா ஒன்னில் மின்சாரம் தாக்கி ஒருவரும் உயிரிழக்கவில்லை என்று பொறியாளர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அந்தக் கணக்கு எழுதப்பட்டது 60 கிலோவாட் காலத்தில் தொடங்கி. இப்போது எண்கள் வேறு.

2014இல் ஃபார்முலா ஒன் 1.6 லிட்டர் டர்போ எஞ்சினுக்கு மாறியபோது மின்திறன் 120 கிலோவாட்டாக இரட்டித்தது. சுற்றுக்கு ஆறரை நொடி உதவியது முப்பத்துமூன்று நொடியாக நீண்டது. பிரேக்கோடு, டர்போவைச் சுழற்றும் வெளியேற்றப் புகையின் வெப்பத்தில் இருந்தும் மின்சாரம் எடுத்தார்கள். பந்தயத்துக்கு 100 கிலோ எரிபொருள் என்ற வரம்புக்குள் ஓடியதால், எரிபொருளின் ஆற்றலில் பாதியை உந்துதலாக மாற்றும் எஞ்சின்கள் 2017க்குள் சோதனை மேடையில் பிறந்தன. அது மகத்தான பொறியியல் சாதனை, மறுக்க ஒன்றுமில்லை.

அந்தச் சாதனை பிரேக்கையும் மாற்றிவிட்டது. பின்சக்கரங்களை நிறுத்தும் வேலையில் மோட்டாருக்கும் பங்கு வந்ததால் பின் பிரேக் தட்டுகளைச் சிறிதாக்கினார்கள். மீதியைக் கணினி பார்த்துக்கொள்ளும். 2014 கனடா பந்தயத்தில் முன்னணியில் ஓடிய ஒரே குழுவின் இரண்டு கார்களிலும் உயர் மின்னழுத்த அமைப்பு ஏறத்தாழ ஒரே நேரத்தில் செயலிழந்தது. மோட்டார் நின்றதும் சிறிய பின் பிரேக்குகள் முழுச் சுமையையும் தாங்க வேண்டியதாயிற்று. ஒரு காரின் பிரேக் தாங்கவில்லை, ஓட்டுநர் விலகினார். மற்றொருவர் 160 குதிரைத்திறனை இழந்த காரைத் தேற்றி இரண்டாவதாக வந்தார். திருப்பித் தரும் இயந்திரம் நின்றால், நிறுத்தும் இயந்திரமும் நொண்டும். இதை முதலில் காட்டியது அந்த நாள்.

பேட்டரி வேண்டாம் என்று வேறு வழி தேடியவர்களும் உண்டு. கார்பன் நார் ஃப்ளைவீலை நிமிடத்துக்கு நாற்பதாயிரம் முறை சுழலவிட்டு அதில் ஆற்றலைச் சேமித்தார்கள். 2010இல் ஜெர்மனியின் நூர்பர்கிரிங் 24 மணி நேரப் பந்தயத்தில், ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையின் இடத்தில் அதைப் பொருத்திய கார் 22 மணி நேரத்துக்கு மேல் ஓடி, முன்னணியில் இருக்கும்போது எஞ்சின் பழுதாகி நின்றது. 2012இல் லெ மான் பந்தயத்தை முதன்முதலாக வென்ற ஹைபிரிட் காரிலும் ஃப்ளைவீல்தான். பின்னர் அது லண்டன் பேருந்துகளுக்கும் போனது. பந்தயத்தின் மேல்மட்டத்தில் மட்டும் நிலைக்கவில்லை. லித்தியம் பேட்டரிதான் வென்றது.

லித்தியத்தின் தீ தனி ரகம். 2019 மார்ச்சில், மறுபடியும் ஜெரெஸில், மின்சார மோட்டார் சைக்கிள் பந்தயத்துக்காக நிறுத்தி வைத்திருந்த 18 பைக்குகளும் ஒரே இரவில் எரிந்து போயின. போட்டியின் தொடக்கத்தையே தள்ளி வைத்தார்கள். 2023 அக்டோபரில் வலென்சியாவில் மின்சாரக் கார் பந்தயச் சோதனையின்போது பேட்டரி தீப்பிடித்ததில் சோதனையே தடைபட்டது. 2023 பிப்ரவரியில் ஹைதராபாத்தின் ஹுசேன் சாகர் ஏரிக்கரையில் ஓடியதும் இதே தலைமுறைக் கார்கள்தான். அவற்றில் பின்சக்கரங்களுக்கு வழக்கமான ஹைட்ராலிக் பிரேக்கே கிடையாது. நிறுத்துவது மோட்டார். பந்தயத்தில் செலவாகும் ஆற்றலில் ஏறத்தாழ நாற்பது சதவீதமோ அதற்கு மேலோ அப்படித்தான் திரும்பக் கிடைக்கிறது. முன், பின் மோட்டார்கள் இரண்டும் சேர்ந்து 600 கிலோவாட் வரை திரும்ப எடுக்கும். மோட்டார் கைவிட்டால் என்ன செய்வது என்ற கவலையில், பின்னர் அவசர பிரேக் ஒன்றையும் சேர்த்தார்கள்.

ஃபார்முலா ஒன்னின் 2026 விதிகளில் மோட்டாரின் திறன் 350 கிலோவாட். 2009ஐவிட ஏறத்தாழ ஆறு மடங்கு. சுற்றுக்குத் திரட்டக்கூடிய ஆற்றல் எட்டு மெகா ஜூலுக்கும் மேல். அன்றைய 400 கிலோ ஜூலோடு ஒப்பிட்டால் இருபது மடங்கு. காரின் மொத்தத் திறனில் ஏறத்தாழப் பாதி மின்சாரத்தில் இருந்து. பயிற்சி நேரம் இருபது மடங்காயிற்றா, கையுறை அணிந்தவரின் காப்பீடு இருபது மடங்காயிற்றா என்ற கேள்வியை யாரும் விதிப்புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதவில்லை.

நம் ஊரிலும் இது வந்துவிட்டது. கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி பந்தயத்தடத்தில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டியில், பொறியியல் மாணவர்கள் தாமே கட்டிய மின்சாரக் கார்களை ஓட்டுகிறார்கள். பல நூறு வோல்ட் அழுத்தம்; ஓட்டுநர்களும் மெக்கானிக்குகளும் இருபது வயதுப் பிள்ளைகள். உலகெங்கும் நடக்கும் இத்தகைய மாணவர் போட்டிகளின் விதிகள், கோடிகள் புரளும் பந்தயங்களைவிடச் சில இடங்களில் கறாரானவை. உயர் மின்னழுத்தத்தை இயக்கி வைத்து காரின் மேல் இரண்டு நிமிடம் தண்ணீர் தெளிப்பார்கள். மின்கசிவைக் கண்காணிக்கும் கருவி ஒருமுறை விழித்தாலும் கார் தடத்துக்குப் போகாது. ஒவ்வோர் அணியிலும் மின்சாரத்துக்கென்றே பொறுப்பாளர் ஒருவர் உண்டு. அவர் சரி என்று சொல்லும்வரை அணித்தலைவரே ஆனாலும் காரில் கைவைக்கக் கூடாது.

மாணவர்களால் முடிந்த அந்த ஏற்பாட்டைப் பெரிய பந்தயங்களின் ஒவ்வொரு மார்ஷல் நிலையத்துக்கும் கொண்டுவர முடியும். தடத்தின் ஒவ்வொரு வளைவிலும் மின்சாரம் படித்த ஒருவர், தன்னார்வலராக அல்ல, சம்பளத்தோடும் காப்பீட்டோடும் நிற்க வேண்டும். காரைத் தொடலாமா என்பதை அவர் சொல்ல வேண்டும். அவர் சொல்லும்வரை பந்தயம் எவ்வளவு நேரமானாலும் சிவப்புக் கொடியின் கீழ் காத்திருக்க வேண்டும்.